அத்தியாயம் 7: விங் ஆட்டக்காரரை எடைபோடுதல்

கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுக்கிற பையன், என்பிஏ அணிக்குள் நுழைகிற அன்றைக்கே நான்காவது ஆளாகிவிடுகிறான். பந்தைக் கொண்டுவர அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கடைசி நிமிடத்தில் பந்தைக் கேட்டு வாங்குகிற நட்சத்திரம் ஒருவர் இருக்கிறார். ரிங்குக்கு அடியில் நிற்க ஒரு நெட்டை ஆள் இருக்கிறார். நம் பையனுக்கு மிச்சம் இருப்பது கார்னர். அங்கே நின்று, பந்து வந்தால் அடிக்க வேண்டும்; வராவிட்டால் வெட்டி ஓட வேண்டும்; மறுபக்கம் போனதும் எதிரணியின் சிறந்த ஆளை மறிக்க வேண்டும். டிராஃப்டுக்கு விங் ஆட்டக்காரரைப் பார்க்கிறவர் இந்த வேலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். கல்லூரியில் அவனுக்குக் கொடுத்த வேலை வேறு. அதை அவன் எவ்வளவு அழகாகச் செய்தாலும் நமக்கு அது பாதித் தகவல்தான்.

விங் என்றால் யார் என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம். பந்தைக் கொண்டுவரும் கார்டும் இல்லை, ரிங்கைக் காக்கும் சென்டரும் இல்லை, இடையில் இருப்பவர்கள். உயரம் ஏறக்குறைய 6 அடி 5 அங்குலத்திலிருந்து 6 அடி 9 அங்குலம் வரை. இன்றைய ஆட்டத்தில் ஒரு ஸ்கிரீனுக்குப் பிறகு தடுப்பவர்கள் ஆளை மாற்றிக்கொள்வது சாதாரணம். குட்டை ஆளையும் நெட்டை ஆளையும் ஒரே ஆட்டத்தில் சமாளிக்கிற உடம்பு இவர்களுக்குத்தான் இருக்கிறது. அதனால்தான் எல்லா அணிகளும் இவர்களைத் தேடுகின்றன. தேடுவதில் தவறுவதும் இங்கேதான் அதிகம்.

எப்படித் தவறுகிறார்கள் என்பதற்கு 2010 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் புதிதாகப் பழகுபவர்களுக்கு முதலில் கொடுக்கும் பாடம் இதுதான். இரண்டாவது இடத்தில் ஃபிலடெல்ஃபியா எடுத்தது ஒஹையோ ஸ்டேட்டின் எவன் டர்னரை. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் அவர். ஆட்டத்துக்கு 20.4 புள்ளி, 9.2 ரீபவுண்ட், 6 அசிஸ்ட். அந்த அணியில் எல்லாமே அவர் கை வழியாகத்தான் நடந்தது. நான்காவது இடத்தில் மினசோட்டா எடுத்தது சிரக்யூஸின் வெஸ்லி ஜான்சனை. த்ரீ பாயிண்டில் 41 சதவீதத்துக்கு மேல் அடித்தவர், நன்றாக எம்பக்கூடியவர். பத்தாவது இடத்தில் இண்டியானா எடுத்தது ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்ற, தேசியத் தொலைக்காட்சியில் அதிகம் வராத கல்லூரியின் பால் ஜார்ஜை.

டர்னர் பத்தாண்டு ஆடினார், மரியாதையான வாழ்க்கைதான். ஆனால் பந்தைக் கையிலிருந்து எடுத்துவிட்டு கார்னரில் நிறுத்தினால் எதிரணி அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டது. த்ரீ பாயிண்ட் ஷாட் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. ஜான்சன் ஒன்பது பருவம் ஆடியும் எந்த அணியிலும் தூணாகவில்லை. பால் ஜார்ஜ் ஒன்பது முறை ஆல்-ஸ்டார் ஆனார்.

பின்னால் நடந்ததை வைத்துப் பேசுவது யாருக்கும் எளிது. அன்றைக்கே என்ன தெரிந்திருந்தது? ஜான்சன் 1987 ஜூலையில் பிறந்தவர். டிராஃப்ட் நடந்தபோது 23 வயதுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. ஜார்ஜுக்கு அப்போது 20. ஜார்ஜ் கடைசிப் பருவத்தில் ஃப்ரீ த்ரோவை நூற்றுக்குத் தொண்ணூறு அடித்தார். ஜான்சன் ஆடிய சிரக்யூஸ், ஜிம் போஹைம் பயிற்சியில் ஆட்டம் முழுக்க 2-3 ஸோன் தடுப்பு ஆடிய அணி. ஒரு ஆளைத் தனியாகத் தொடர்ந்து மறிப்பதை அவரிடம் பார்க்க வாய்ப்பே குறைவு. டர்னரிடம் பந்து இல்லாத நேரத்தின் வீடியோ கிட்டத்தட்ட இல்லை. இவை எல்லாமே அன்றைக்கே யார் கண்ணுக்கும் தெரிந்திருக்கக்கூடியவை. இவற்றை எங்கே, எப்படித் தேடுவது என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடம்பு

அளவுகளில் இருந்து தொடங்குங்கள். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைன் முகாமில் செருப்பில்லாத உயரம், கை விரிவு, கையைத் தூக்கி நின்றால் எட்டும் உயரம், எம்பும் உயரம், பக்கவாட்டு ஓட்டம் என்று எல்லாம் அளக்கிறார்கள். கல்லூரி வெளியிடும் உயரத்தை நம்ப வேண்டாம். அதில் ஷூவும் சேர்ந்திருக்கும், ஆசையும் சேர்ந்திருக்கும்.

விங்குக்கு உயரத்தைவிடக் கை விரிவு முக்கியம். சாதாரண மனிதருக்கு இரண்டு கையையும் விரித்தால் உயரமும் விரிவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். என்பிஏ ஆட்டக்காரர்களிடம் விரிவு பொதுவாக நாலைந்து அங்குலம் கூடுதல். காவாய் லெனர்டுக்கு உயரம் 6 அடி 7 அங்குலம், விரிவு 7 அடி 3 அங்குலம். உள்ளங்கையை விரித்தால் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை 11.25 அங்குலம். வேறொருவர் தட்டிவிட்டு மட்டும் போகும் பந்தை அவர் பிடித்தே விடுவார். 2022-ல் சாண்டா கிளாரா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த ஜேலன் வில்லியம்ஸுக்கும் விரிவு 7 அடி 2 அங்குலம். சிகாகோ முகாமுக்குப் பிறகு அவர் பெயர் மேலே ஏறியது. ஓக்லஹோமா சிட்டி 12-வது இடத்தில் எடுத்தது. மூன்றே ஆண்டில் அந்த அணி சாம்பியன் ஆனபோது அவர் இரண்டாவது தூண்.

கை விரிவு ஷாட்டைத் தடுக்கிறது, பாஸை வழியில் பிடிக்கிறது, அரை அடி தாமதமாக வந்தாலும் மன்னிக்கிறது. இதற்குப் பக்கத்தில் பெஞ்ச் பிரஸ் மாதிரியான சோதனைகளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. 2007-ல் கெவின் டுராண்ட் 185 பவுண்ட் எடையை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. அதைப் பேசித் தீர்த்தவர்கள் பலர். 19 வயது உடம்பில் தசையைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். எலும்பின் நீளத்தை யாரும் கூட்ட முடியாது.

ஷாட்

இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. கார்னரில் நிற்கிற பையன் அடிக்க மாட்டான் என்று தெரிந்தால், அவனைக் காக்க வேண்டியவர் அவனை விட்டுவிட்டு ரிங்குக்கு அடியில் போய் நின்றுகொள்வார். அப்போது கெடுவது நம் பையனின் ஆட்டம் மட்டுமில்லை. நட்சத்திரம் ஊடுருவ வேண்டிய வழியும் அடைபட்டுப் போகிறது.

முதலில் சதவீதத்தை நம்பாமல் இருக்கப் பழக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பையன் ஒரு பருவத்தில் 120 த்ரீ அடிக்கிறான், 42 விழுகிறது. 35 சதவீதம், பரவாயில்லை என்கிறோம். அதில் ஐந்து பந்து ரிங்கில் உருண்டு வெளியே போயிருந்தால் 37. சதவீதம் 31-க்கு இறங்கிவிடும், ‘இவனுக்கு ஷாட் இல்லை’ என்போம். ஐந்து கூடுதலாக விழுந்திருந்தால் 47. 39 சதவீதம், ‘அருமையான ஷூட்டர்’ என்போம். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம். மாதத்துக்கு ஒரே ஒரு பந்து இப்படியோ அப்படியோ போனால் ஒரு பையனைப் பற்றிய நம் தீர்ப்பே மாறிவிடுகிறது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையின் மேல் கோடிக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள்.

அதனால் பக்கத்தில் இருக்கும் வேறு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் எண் ஃப்ரீ த்ரோ. தூரம் எப்போதும் 15 அடி, மறிக்க யாரும் இல்லை, அவசரம் இல்லை. பையனின் கை, மணிக்கட்டு, கண் இவை மட்டுமே அங்கே பேசுகின்றன. இரண்டாவது, எத்தனை முறை அடித்தான் என்பது. ஆட்டத்துக்கு ஆறு த்ரீ அடித்து 34 சதவீதம் எடுக்கிறவன், ஆட்டத்துக்கு இரண்டு அடித்து 38 சதவீதம் எடுக்கிறவனைவிட நல்ல ஷூட்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடிக்கத் துணிவதும் திறமையில் சேர்த்திதான்.

2017-ல் நான் தவறிய இடம் இது. அந்த ஆண்டு மூன்றாவது இடத்தில் பாஸ்டன் எடுத்தது டியூக்கின் ஜேசன் டேட்டமை. நான்காவது இடத்தில் ஃபீனிக்ஸ் எடுத்தது கான்சாஸின் ஜாஷ் ஜாக்சனை. இருவரும் விங், இருவரும் கல்லூரியில் ஒரே ஒரு ஆண்டு ஆடியவர்கள். ஜாக்சன் ஓடுவதும் எம்புவதும் பாஸ் கொடுப்பதும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. த்ரீ பாயிண்டில் 90-க்கு 34, அதாவது 37.8 சதவீதம். டேட்டம் 117-க்கு 40, அதாவது 34.2. என் நோட்டில் ஜாக்சன் பெயரை மேலே எழுதினேன். ஃப்ரீ த்ரோ கட்டத்தை நான் பார்க்காமல் இல்லை, பார்த்தும் தள்ளிவிட்டேன். டேட்டம் 84.9. ஜாக்சன் 56.6. முதல் என்பிஏ பருவத்தில் டேட்டம் த்ரீயில் 43.4 சதவீதம் அடித்தார், ஜாக்சன் 26.3. இன்னொன்றும் இருந்தது: ஜாக்சன் டேட்டமைவிட ஒரு வயது பெரியவர். கல்லூரியில் இருவரும் முதலாண்டு என்பதால் சமவயது என்று எண்ணிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு ஃப்ரீ த்ரோ ஒன்றே போதும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அடுத்த ஜோடியைப் பாருங்கள். காவாய் லெனர்ட், சான் டியேகோ ஸ்டேட், கடைசிப் பருவத்தில் த்ரீயில் 29.1, ஃப்ரீ த்ரோவில் 75.9. மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், கென்டக்கி, த்ரீயில் 25.5, ஃப்ரீ த்ரோவில் 74.5. காகிதத்தில் இருவரும் ஒரே அச்சு. இருவருமே நீண்ட கைகள் கொண்ட, களைப்பறியாமல் மறிக்கிற, ரீபவுண்டுக்கு உயிரைக் கொடுக்கிற பையன்கள். லெனர்ட் 2011-ல் 15-வதாகப் போனார். இண்டியானா எடுத்து, ஜார்ஜ் ஹில்லுக்கு மாற்றாக சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தது. கிட்-கில்கிறிஸ்ட் மறு ஆண்டே 18 வயதில், இரண்டாவது இடத்தில் சார்லட்டுக்குப் போனார். லெனர்ட் முதல் பருவத்திலேயே த்ரீயில் 37.6 சதவீதம் அடித்தார். இரண்டு முறை இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கிட்-கில்கிறிஸ்ட் தன் இரண்டாம் பருவம் முழுக்க அடித்த த்ரீ ஒன்பது; விழுந்தது ஒன்று.

எண் ஒன்றாக இருக்கும்போது கண்ணைத் திறக்க வேண்டும். லெனர்டின் ஷாட்டில் இருந்த கோளாறு ஒரே இடத்தில் இருந்தது. பந்தைத் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் பிடித்து விடுவார். சான் அன்டோனியோவின் ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கினார். தோள், முழங்கை, கால் எல்லாம் ஏற்கெனவே ஒரே நேர்கோட்டில்தான் இருந்தன. கிட்-கில்கிறிஸ்டுக்கு முழங்கை வெளியே விரியும், பந்து பாதி வழியில் ஒரு கணம் நிற்கும், விடும்போது உடம்பு திரும்பும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கிளம்பும். பின்னால் மார்க் பிரைஸ் போன்ற பெரிய ஷூட்டரே கூட இருந்து உழைத்தும் முழுமையாகச் சரிவரவில்லை.

ஆகவே வீடியோவை மெதுவாக ஓட்டி மூன்று இடங்களைப் பாருங்கள். பந்து இடுப்பிலிருந்து நெற்றிக்கு வரும்வரை எங்கேயாவது நிற்கிறதா? முழங்கை ரிங்கைப் பார்த்து இருக்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா? கடைசி ஐந்து நிமிடத்தில், கால் தளர்ந்த பிறகும், முதல் ஐந்து நிமிடத்தில் அடித்த அதே ஷாட்டைத்தான் அடிக்கிறானா? மூன்றாவது கேள்விக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. பருவத்தில் முப்பத்தைந்து ஆட்டம் ஆடியவன் இனி 82 ஆட வேண்டும். கால் தளர்ந்தபின் வரும் ஷாட்தான் அவனுடைய நிஜமான ஷாட்.

கோட்டின் தூரத்தையும் மறக்காதீர்கள். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2018-19 வரை த்ரீ கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். என்பிஏவில் நேர் எதிரே 23 அடி 9 அங்குலம், கார்னரில் 22 அடி. பழைய ஆட்டக்காரர்களின் கல்லூரிச் சதவீதத்தோடு இன்றைய பையனை அப்படியே ஒப்பிட்டால் இன்றைய பையனுக்கு அநியாயம் செய்கிறோம். கோட்டைவிட்டு இரண்டடி தள்ளி நின்று அடிக்கிறானா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பந்தை விட்டுவிட்டுப் பார்ப்பது

ஆட்டம் பார்க்கும்போது நம் கண் தானாகப் பந்தோடு போகும். அதை நிறுத்துவதுதான் முதல் பயிற்சி. நம் ஊரில் அந்த ஆட்டங்கள் விடியற்காலையில் வருகின்றன. தூக்கக் கலக்கத்தில் கண் இன்னும் சுலபமாகப் பந்தின் பின்னால் போய்விடும். அதனால் நான் ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அந்த ஒருவனை மட்டும்.

நோட்டில் எண்ணுவது இதைத்தான்: வேறொருவர் பாஸ் கொடுத்து அவன் பந்தைப் பிடிக்கிற தருணங்கள். மறிக்கிறவர் ரிங்குக்கு உதவப் போயிருக்கிறார். பந்து கார்னருக்கு வீசப்படுகிறது. மறிக்கிறவர் திரும்பி ஓடி வருகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே நம் பையனின் முழங்கால் மடிந்திருக்கிறதா, கை தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த அரை நொடிக்குள் அவன் ஒன்றைச் செய்தாக வேண்டும். ஓடி வருகிறவர் தூரத்தில் இருந்தால் ஷாட். வேகமாகப் பாய்ந்து வந்தால் அவரைத் தாண்டி ஒரே டிரிபிளில் உள்ளே. உள்ளே இன்னொருவர் வழிமறித்தால் அடுத்த ஆளுக்குப் பாஸ். நட்சத்திரமாக வளர்ந்த கல்லூரிப் பையன்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் எதையும் செய்வதில்லை. பந்தைப் பிடித்து, இடுப்பில் வைத்து, எதிராளியை முறைத்து, இரண்டு முறை காலை முன்னால் வைத்து எடுத்து, பிறகு டிரிபிள் செய்யத் தொடங்குகிறார்கள். அதற்குள் தடுப்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. இருபது முறை பிடித்தால் எத்தனை முறை அரை நொடிக்குள் முடிவெடுத்தான்? அந்த எண்ணை எழுதி வட்டமிடுங்கள். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் அது கிடைக்காது.

பந்து வராத நேரத்தையும் பாருங்கள். மறிக்கிறவர் தலையைத் திருப்பிய கணத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடுகிறானா? பத்து முறை ஓடி ஒரு முறைதான் பாஸ் வரும். மீதி ஒன்பதையும் அவன் சலிக்காமல் ஓடுகிறானா என்பதே கேள்வி.

இதற்கு நல்ல மாதிரி வேண்டுமானால் 2017-18 பருவத்து வில்லனோவா ஆட்டங்களை எடுத்து மிகால் பிரிட்ஜஸைப் பாருங்கள். பந்து பெரும்பாலும் ஜேலன் பிரன்சன் கையில். பிரிட்ஜஸ் கார்னரிலும் பக்கவாட்டிலும் நிற்பார், ஓடுவார், ஸ்கிரீன் போடுவார், பிடித்த உடனே அடிப்பார். அப்படியும் ஆட்டத்துக்கு 17.7 புள்ளி, த்ரீயில் 43.5 சதவீதம். முதல் பருவத்தில் இதே மனிதர் 29.9 சதவீதம்தான் அடித்தார். என்பிஏவில் என்ன வேலை செய்யப் போகிறாரோ அதை ஒத்திகை பார்ப்பதுபோல அந்தக் கல்லூரியில் செய்துகொண்டிருந்தார். 10-வது இடத்தில் எடுக்கப்பட்டு, அதே இரவில் ஃபீனிக்ஸுக்கு மாற்றப்பட்டார். முதல் பருவத்திலிருந்தே ஆட இடம் கிடைத்தது.

எவன் டர்னர்போல எல்லாம் தன் கையில் இருக்கும் பையனாக இருந்தால் என்ன செய்வது? தேசிய அணியின் இளைஞர் போட்டிகள், இன்னும் பெரிய நட்சத்திரங்களோடு ஆடிய பள்ளிக் காலத்து ஆட்டங்கள், கல்லூரியின் முதலாண்டு ஆட்டங்கள் இவற்றைத் தேடிப் பிடியுங்கள். அங்கே அவன் இரண்டாவது மூன்றாவது ஆளாக இருந்திருப்பான். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றானா, வேலையைத் தேடிக்கொண்டானா என்பது அங்கே தெரியும்.

மறிப்பது

ஸ்டீலும் பிளாக்கும் பயனுள்ள எண்கள். இரண்டும் சேர்ந்து அதிகமாக இருந்தால் கையும் வேகமும் முன்கூட்டி ஊகிக்கும் புத்தியும் இருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் ஸோன் ஆடும் அணியில் இந்த எண்கள் ஊதிப் போகும். அதோடு கல்லூரி ஆட்டத்தில் மறிக்கிறவர் ரிங்குக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் ஆளை மறிக்காமல் மூன்று நொடிக்கு மேல் ரிங்குக்கு முன்னால் வரைந்திருக்கும் கட்டத்தில் நின்றால் தப்பு. அந்தக் கட்டமும் கல்லூரியில் 12 அடி அகலம், என்பிஏவில் 16. கல்லூரியில் பின்னால் எப்போதும் ஒரு நெட்டை ஆள் காப்பாற்றக் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் பையன்கள் பாஸைப் பிடிக்கத் தாவுகிறார்கள். அந்தக் காப்பு இல்லாத இடத்தில் அதே தாவல் இரண்டு புள்ளியைத் தானம் கொடுத்துவிடும்.

எனவே காலைப் பாருங்கள். ஷூட்டரை நோக்கி ஓடுகிற பையன் கடைசி இரண்டு கஜத்தில் சின்னச் சின்ன அடிகளாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நிற்கிறானா? அல்லது முழு வேகத்தில் பறந்து வந்து எதிராளியைத் தாண்டிப் போய்விடுகிறானா? ஸ்கிரீன் வரும்போது தோளை ஒடுக்கி அதன்மேல் உரசிக்கொண்டு நழுவுகிறானா, அல்லது முட்டி நின்றுவிடுகிறானா? முதல் அடியில் தாண்டப்பட்ட பிறகு என்ன செய்கிறான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல விங்குகள் தாண்டப்படுவார்கள். தாண்டப்பட்டபின் பின்னாலிருந்து விரட்டி, நீண்ட கையால் ஷாட்டைத் தொந்தரவு செய்வார்கள். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவரைப் பார்க்கிற பையனைப் பற்றி நான் ஒருமுறை எழுதினால், அடுத்த ஆட்டத்திலும் அதையே தேடுவேன். இரண்டாம் முறையும் தென்பட்டால் பெயரைக் கீழே இறக்கிவிடுவேன்.

வயது, எதிரணி, முழங்கால்

வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். முதலாண்டு, மூன்றாமாண்டு என்ற பெயர்கள் ஏமாற்றும். 22 வயதுப் பையன் 18 வயதுப் பையன்களை முட்டித் தள்ளிப் புள்ளி எடுப்பது பெரிய செய்தி இல்லை. ஆனால் இந்த விதியை இப்போது சற்றுத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி உண்டு. முன்பு பணத்துக்காக அவசரப்பட்டு வெளியேறியவர்கள் இப்போது இன்னொரு ஆண்டு இருந்து கற்றுக்கொள்கிறார்கள். வயது கூடியவனிடம் கேட்க வேண்டியது, ஆண்டுக்கு ஆண்டு அவன் ஏதாவது ஒரு புது வித்தையைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறானா என்பதுதான். ஜேலன் வில்லியம்ஸ் மூன்றாண்டு கல்லூரியில் இருந்தவர்.

சிறிய கல்லூரி என்பதால் யாரையும் ஒதுக்காதீர்கள். அவன் வலுவான அணிகளோடு மோதிய நாலைந்து ஆட்டங்களைத் தனியே எடுத்து அவற்றுக்கு இரட்டிப்பு மதிப்புக் கொடுங்கள். பலவீனமான அணிகளிடம் எடுத்த முப்பது புள்ளியை நான் நோட்டில் ஏற்றுவதே இல்லை. அதேபோல மார்ச் மாதத்துத் தேசியக் கல்லூரிப் போட்டியின் ஒற்றை ஆட்டத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 68 அணிகளின் அந்தப் போட்டியை நாடே பார்க்கிறது; ஆனால் ஒரு சூடான இரவு ஒரு பருவத்துக்கு ஈடாகாது.

காயம் பற்றி: காயத்தோடு ஆடிய பருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் கிறிஸ் மிடில்டன் கடைசிப் பருவத்தை முழங்கால் காயத்தோடு தள்ளினார். 2012-ல் 39-வது இடத்துக்குச் சரிந்தார். அதற்கு முந்தைய பருவத்தின் வீடியோவில் அந்தச் சுத்தமான ஷாட் இருந்தது. பின்னாளில் அவர் மூன்று முறை ஆல்-ஸ்டார் ஆனார், 2021-ல் மில்வாக்கியோடு கோப்பை வென்றார்.

ஒரு பக்கம்

எல்லாம் பார்த்தபின் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி முடியுங்கள். முதல் வரியில் வயது, செருப்பில்லாத உயரம், கை விரிவு. அடுத்து ஃப்ரீ த்ரோ, த்ரீ முயற்சிகளின் எண்ணிக்கை, ஷாட்டில் நீங்கள் கண்ட கோளாறு எங்கே இருக்கிறது என்பது. பிறகு அந்த அரை நொடி எண்ணிக்கை. பிறகு மறிப்பதில் நீங்கள் நேரில் கண்ட இரண்டு காட்சிகள், ஆட்டம் எது, எத்தனையாவது நிமிடம் என்ற விவரத்தோடு. ‘கடின உழைப்பாளி’, ‘வெற்றி வெறி உள்ளவன்’ மாதிரியான சொற்களை எழுதினால் பக்கத்திலேயே அதற்கு ஒரு காட்சியைச் சாட்சியாக வையுங்கள். காட்சி கிடைக்காவிட்டால் சொல்லை அடித்துவிடுங்கள்.

கடைசி வரி கட்டாயம் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். இவன் முதல் ஆண்டில், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால், யாரை மறிப்பான், எங்கே நிற்பான், பந்து வந்தால் என்ன செய்வான்? ‘ஒரு நாள் நட்சத்திரம் ஆகலாம்’ என்பது அந்த இடத்தில் வரக் கூடாது. நட்சத்திரம் ஆகிற விங்குகளும் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். லெனர்டே முதல் பருவத்தில் டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவருக்கும் பின்னால் கார்னரில் நின்றவர்.

எழுதிய பக்கத்தைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் திருத்தாதீர்கள். முதல் சுற்றில் எடுக்கப்படும் பையனுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாம் ஆண்டு அவனை வைத்துக்கொள்வதா என்பதை, அவன் ஒரே ஒரு பருவம் ஆடி முடித்த நிலையில், அந்த அக்டோபர் 31-க்குள் அணி சொல்லியாக வேண்டும். அதே நாளில் நீங்களும் உங்கள் பக்கத்தை எடுத்து, அவன் ஆடிய கடைசி பத்து ஆட்டங்களின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த வரி தவறியதோ அதன் ஓரத்தில் சிவப்பு மையில், அன்றைக்கு எந்த வீடியோவைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டு நோட்டில் ஜாக்சன் பக்கத்தின் ஓரத்தில் நான் எழுதியிருப்பது: ‘ஃப்ரீ த்ரோ மட்டும் தனியாக வெட்டிய வீடியோ, பார்க்கவில்லை’. அடுத்த ஆண்டு முதல் எந்த விங்கைப் பார்க்க உட்கார்ந்தாலும் முதலில் போடுவது அந்த வீடியோவைத்தான்.